பால்காரியிடமும் மன்னிப்புக் கேட்டாள்

அன்பு மகனுக்கு,

சலாம். நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் "இங்கு யாவரும் நலம்" என்றுதான் தொடங்கியிருக்கிறேன். இதில் அந்த வரியைத் தேடாதே. இங்கே இருப்பது நான் ஒருவன். அந்த ஒருவனும் நலமாக இல்லை. காய்ச்சல் இல்லை, சர்க்கரை இல்லை, வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு இடத்தைத் தொட்டு இங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் காட்ட முடியாத நோய். பக்ரீதுக்கு லீவு போட்டு வருவதாக எழுதியிருந்தாய். பக்ரீதுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் என்னை நம்பி என்னைத் தனியாக விட எனக்கே தைரியம் இல்லை. முன்னாடியே வா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஏன் என்று சொல்லாமல் கேட்டால் வயசாகிவிட்டது, தனிமையில் புலம்புகிறார் என்று நினைத்து மணியார்டர் அனுப்புவாய். ஆகவே காரணத்தையும் சொல்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால், உன் அம்மாவைப் பற்றி உன்னிடம் பதினாறு வருடமாகச் சொல்லிவந்த ஒரு பொய்யை இன்றைக்கு உடைத்தாக வேண்டும்.

உனக்கு அப்போது எட்டு வயது. நம் தருமபுரி இன்னும் சேலம் ஜில்லாவோடு இருந்த காலம். அந்த வருடத்து அம்மாவைப் பற்றி உனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்: எந்நேரமும் தொழுகைப் பாயில் இருந்தாள், ஓயாமல் நோன்பு வைத்தாள், பிறகு நாகூருக்கு நேர்ச்சை செலுத்தப் போய் இரண்டு மாதம் அங்கேயே தங்கினாள். போன வருடம் உன் கல்யாணத்தன்று மருமகளிடம், "எங்கம்மா ஒரு வலியுல்லா மாதிரி" என்று நீ சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்கு ஒரு வருடம் முன்பே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டவள் அவள். மறுத்துப் பேச அவளும் இல்லை, எனக்கும் வாய் வரவில்லை. இறைவனுக்கு நெருங்கிய மகான் என்ற அந்தப் பெயரை அவளுக்கு ஊர் வைத்தது. வைக்கவிட்டு வேடிக்கை பார்த்தவன் நான்.

உண்மையில் உன் அம்மா சண்டைக்காரி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வாய்க்காகத்தான் அவளை எனக்குப் பிடித்தது. நம் காரிமங்கலத்தில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்த வியாபாரி கிடையாது. தினமும் காலையில் பால் ஊற்ற வரும் மாதம்மாளோடு ஒரு சண்டை உண்டு. ஒருத்தி நுரையை அளக்கிறாள் என்பாள், மற்றவள் சொம்பில் ஓட்டை என்பாள். கடைக்கு நான் கிளம்பும்வரை வாசலில் அந்தக் கச்சேரி நடக்கும். அவள் போன பிறகு அம்மா உள்ளே வந்து, "தண்ணிய கலக்கிட்டு என்னா பேச்சு பேசறா பாருங்க" என்று சிரித்துக்கொண்டே உலை வைப்பாள். அது இருவருக்கும் தேவைப்பட்ட சண்டை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நாளாவது வீடு அமைதியாக இருக்காதா என்று அலுத்துக்கொள்வேன்.

அமைதி வந்தது. காரணம் என்று ஒன்றும் இல்லை, தம்பி. சாவு இல்லை, சண்டை இல்லை, பெரிய கஷ்டம் இல்லை. மழைக்காலம் முடிந்த சமயத்தில் அவள் பேச்சு குறைய ஆரம்பித்தது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமானது, ஏதோ ஆழமான கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுவருகிறவள் மாதிரி. நீ பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி வந்து பலகையை நீட்டினாய்; அவள் அதைப் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை. தலை பின்னிக்கொள்வது நின்றது. குழம்பில் உப்பு இல்லை என்றேன், "அப்படீங்களா" என்றாள். பழைய உன் அம்மாவாக இருந்தால் உப்புச் சட்டியையே என் முன்னால் வைத்திருப்பாள். பிறகு நோன்பு வைக்க ஆரம்பித்தாள். ரமலான் முடிந்து மாதக்கணக்கான பிறகு, வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள், பிறகு எல்லா நாளும். தொழுகைப் பாயில் நெற்றியை வைத்தால் நெடுநேரம் எடுக்க மாட்டாள்.

வேறு வீடாக இருந்தால், சாப்பிடாமல் படுத்தே கிடக்கும் பெண்ணை வைத்தியரிடமாவது காட்டியிருப்பார்கள். நம் வீட்டில் சாப்பிடாததற்கு நோன்பு என்று பெயர் இருந்தது, எழுந்திருக்காததற்குத் தொழுகை என்று பெயர் இருந்தது. நான் அந்தப் பெயர்களை நம்பினேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய என்னைவிடத் தண்ணீர் கலக்கும் மாதம்மாளே மேல். தெருப் பெண்கள் நோயுற்ற பிள்ளைகளைத் தூக்கிவந்து, "ஓதி ஊதுங்க அக்கா" என்று கேட்டார்கள். அவளும் ஊதினாள். பள்ளிவாசலில் எனக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். "பாய் குடுத்து வெச்சவரு" என்றார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை உன்னிடம் ஒளிக்க மாட்டேன். நான் தையற்காரன். அடுத்தவர் உடம்பு அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறவன். உன் அம்மாவின் ரவிக்கைகளை மூன்று மாதத்தில் இரண்டு தடவை என் கையாலேயே உள்ளே பிடித்துத் தைத்தேன். இரண்டாவது தடவை நூலை நறுக்கும்போதுகூட ஏன் இப்படி என்று அவளைக் கேட்கவில்லை.

அதற்கு அடுத்து அவள் கொடுக்க ஆரம்பித்தாள். காதுத் தோட்டை ஒரு ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கழற்றிக் கொடுத்தாள். நல்ல புடவைகளைக் கொடுத்தாள். தர்மம் என்றார்கள், நானும் என்றேன். பிறகு வீடு வீடாகப் போனாள். பராத் இரவுக்கு நாம் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வோமே, அது போல. "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாவது பண்ணியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டாள். அது பராத் மாதமும் இல்லை, அவள் ஹஜ்ஜுக்குக் கிளம்பவும் இல்லை. ஆனாலும் எல்லோரும் கண் கலங்கி மன்னித்து அனுப்பினார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள். சந்தை நாள் காலை, நான் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். "என்னங்க, எம்மேல ஏதாவது வருத்தம் இருந்தா மன்னிச்சுக்குங்க" என்றாள். நான் சிரித்தேன். "மன்னிச்சேன் போ" என்றேன். பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். பதினாறு வருடமாக அந்த இரண்டு சொல் என் காதில் இருக்கிறது. அவள் விடைபெற்றாள், நான் விடை கொடுத்தேன்.

அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது நானும் இல்லை, முன்வரிசைக்காரர்களும் இல்லை. அதே காலையில் அவள் மாதம்மாளிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். மாதம்மாள் பாலை ஊற்றிவிட்டுப் போனவள், அடுத்த தெருவரை போய், அங்கிருந்து திரும்பி நேராக என் கடைக்கு வந்தாள். சந்தைக் கூட்டம், ஏழெட்டுப் பேர் துணியோடு நிற்கிறார்கள். "பாய், வூட்டுக்கு வாங்க" என்றாள். என்ன விஷயம் என்றேன். "உங்க வூட்டம்மா எங்கூட சண்டை போட்டு மூணு மாசம் ஆவுதுங்க. நானும் பாத்துக்கினே இருக்கறேன், சரியா படல. இன்னிக்கி எங்கிட்ட மன்னிப்பு கேக்கறாங்க. தண்ணி கலந்தவ நானு. அவங்க எதுக்குங்க மன்னிப்பு கேக்கணும்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அவ துனியா ஆசையை வுட்டுட்டா மாதம்மா, உனக்குப் புரியாது" என்று ஏதோ பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அவள் கோபத்தில் பால் குடத்தை என் வெட்டு மேஜைமேல் வைத்தாள். "நான் போயி அவங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். நீங்க வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குடத்தில் பாதிப் பால் இருந்தது. மற்ற வீடுகளுக்கு அன்று பால் போகவில்லை.

அந்தக் குடத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு மெஷினை மிதிக்க முடியவில்லை. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன், பிறகு கடையைப் போட்டது போட்டபடி விட்டுப் போனேன். அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மாதம்மாள் அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் குந்தினேன். என் முகத்தைப் பார்க்காமலே உன் அம்மா சொன்னாள்: "எனக்கு இருக்க வேணாம்னு இருக்குங்க." அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. தொழுகையில் துஆ கேள், மனசு சரியாகிவிடும் என்று நான் உளறினேன். அவள் என்னைப் பார்த்தாள். "நான் தொழுவலீங்க. ரொம்ப நாளாச்சு. பாயில இருந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க, அதான்" என்றாள்.

மறுநாள் பொம்மிடிக்குப் போய் மதராஸ் ரயில் ஏறினோம். பிளாட்பாரத்திலும் ரயிலிலும் அவள் மணிக்கட்டை நான் விடவே இல்லை. எதிர் சீட்டில் இருந்த ஒருவர் பரிவோடு, "அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண் தெரியாதவன் யார் என்பது அவருக்கு எப்படித் தெரியும். மதராஸ் டாக்டர் அதை ஒரு நோய் என்று சொன்னார். பக்தியும் இல்லை, பேயும் இல்லை, சோம்பலும் இல்லை, மருந்து உண்டு, நாளாகும் என்றார். நாளானது; இரண்டு மாதம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். உனக்கு மட்டும், நாகூருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவளைப் பார்க்கப் போனபோது ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மரக்கப்பல் ஒன்று வாங்கிவந்து, அம்மா நாகூரிலிருந்து கொடுத்தனுப்பினாள் என்று உன் கையில் கொடுத்தேன். நீ அதை ஊரெல்லாம் காட்டினாய். மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனவள் மகன் என்று உனக்குப் பெயர் வரக்கூடாது, நாளைக்கு உனக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். உனக்காகச் சொன்ன பொய் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாதி எனக்காகவும்தான்.

திரும்பி வந்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை. ஒரு நாள் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில், "நுரைய ஒதுக்கிட்டு ஊத்துடி" என்று ஒரு குரல் கேட்டது. மாதம்மாள் பதிலுக்கு என்ன சொன்னாளோ தெரியாது. எனக்குக் காது அடைத்துவிட்டது. உள் அறைக்குப் போய் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் பல வருடம் கழித்து, நீ ஹாஸ்டலில் இருந்தபோது, அந்த நோய் இன்னொரு முறை எட்டிப் பார்த்தது. இந்த முறை நான் பெருமைப்படவில்லை. சண்டை நின்ற நான்காம் நாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பெரிதாகும் முன் அடங்கிவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்தால் அவ்வளவுதான் வித்தியாசம், தம்பி. இது உனக்கும் சொல்கிறேன், உன் மனைவிக்கும் சொல்கிறேன், நாளை உங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு மனுஷர் திடீரென்று நல்லவராகிவிட்டால், சண்டையை விட்டு, ருசியை விட்டு, ஆசைப்பட்ட சாமானை எல்லாம் கொடுத்துவிட்டு அமைதியாகிவிட்டால், கையெடுத்துக் கும்பிட அவசரப்படாதே. போய்ப் பக்கத்தில் உட்கார்.

இப்போது என் கதை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், தெரிந்துவிட்டது. உன் கல்யாணம் முடிந்து நீங்கள் பெங்களூருக்குப் போன பிறகு மெல்ல ஆரம்பித்தது. பொழுது விடிய ரொம்ப நேரம் முன்னாலேயே விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்திருக்க மட்டும் முடிவதில்லை. சோறு மண்ணாக இருக்கிறது. போன மாதம் ஒரு பள்ளிக்கூடச் சட்டைத் துணியை மேஜையில் விரித்து, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம்வரை நின்றேன். முப்பத்தைந்து வருடமாக வெட்டிய சட்டை. எங்கே கோடு போடுவது என்று முடிவு செய்ய முடியவில்லை. துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இரவு இஷா தொழுகை முடியும்வரை அங்கேயே. ஓதுவதும் இல்லை, நினைப்பதும் இல்லை. தூணோரம் உட்கார்ந்திருந்தால் யாரும் கூப்பிடுவதில்லை. "சம்சாரம் போன பொறவு பாய் ரொம்ப பக்குவமாயிட்டாரு" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். உன் அம்மாவிடம் அவர்கள் செய்த அதே தவறு. அது தவறு என்று தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான், அந்த ஒருவனுக்கோ எழுந்து சொல்லத் தெம்பு இல்லை. மாதம்மாள் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். அவள் மாரண்டஹள்ளிக்கு மகள் வீட்டோடு போய் நாலு வருடமாகிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வரும்போது புளிமண்டி காதரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்க காதரு" என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. அவன் என் முதுகைத் தட்டி, "மன்னிச்சேன், போய்யா" என்று சிரித்தான். நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நேராக எதிர் டீக்கடை கோவிந்தனிடம் போனேன். எனக்கு மனசு சரியில்லை, தனியாக இருக்கக்கூடாது, நீ தின்னும் சோற்றை என் வீட்டில் வந்து தின்று, என் வீட்டிலேயே படு என்று கேட்டேன். பீடியைக் கீழே போட்டுவிட்டு, "அதுக்கென்னங்க பாய்" என்றான், வேறு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாளாக வந்து படுக்கிறான். நல்ல மனுஷன், பயங்கரமாகக் குறட்டை விடுகிறான். ஆனால் அவனுக்குக் கடை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அவனை எத்தனை நாள் பிடித்து வைப்பது.

உன்னிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்ன பொய்க்கு உனக்குக் கோபம் வரும். வரட்டும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததைத் தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு இருந்தது, அதை நான் பறித்தேன். அந்தக் கோபத்தை ஆற விடாமல் எடுத்துக்கொண்டு வா, நேரில் திட்டு. நானும் பதிலுக்கு இரண்டு பேசுகிறேன்.

கம்பெனியில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு கேள். அது பொய் இல்லை. கிருஷ்ணகிரியில் இறங்கினால் தருமபுரி பஸ் எதுவும் நம் ஊரில் நிற்கும். வந்ததும், "எப்படி இருக்கீங்க அத்தா" என்று கேட்காதே. நல்லா இருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடும், வாழ்நாள் பழக்கம். நீயும் நம்பிவிடுவாய், உனக்கும் நம்பத்தான் ஆசையாக இருக்கும். அதற்குப் பதிலாகக் கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா அத்தா" என்று கேள். அப்பனிடம் கேட்கிற கேள்வியா என்று கூச்சப்படாதே. கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடுமோ என்று பயப்படாதே. அது எப்போதோ வந்துவிட்டது, கேட்பாரில்லாமல்தான் கிடக்கிறது. நீ கேட்டால் நான் ஆமாம் என்று சொல்வேன். அந்தச் சொல்லைக் கோவிந்தனிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை. அதைக் கேட்டு நீ அழவும் வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நான் அடம் பிடிப்பேன், நாளைக்குப் போகலாம் என்பேன், கடையில் வேலை கிடக்கிறது என்பேன். நம்பாதே. ஒரு வேலையும் இல்லை.

உன் அத்தா